உண்ணியாரின் உபதேசம்

நாயின் காதுக்குள் குடியிருந்த உண்ணியார் பெரிய ஞானி. நாய் சொறியக் காலைத் தூக்கினால் போதும், உபதேசம் ஆரம்பித்துவிடுவார்.

"சொறியாதே அப்பனே. அரிப்பு வரும், போகும். எதிர்த்தால்தான் துன்பம். அசையாமல் அதைக் கவனி. அதுதான் தவம்."

"கடிப்பது நீங்கள்தானே சாமி?"

"பார், கோபம் வருகிறது. அதையும் கவனி."

நாய் கவனித்தது. காதை உதறுவதைக்கூட விட்டுவிட்டது. உண்ணியார் ஆமணக்குக் கொட்டை அளவுக்குப் பருத்தார்.

நாய் அசையாததால் பயம் விட்டுப்போன காக்கை ஒன்று அதன் தலையில் வந்து உட்கார்ந்தது. காதுக்குள் எட்டிப் பார்த்தது. உண்ணியாரை அலகால் பிடித்து இழுத்தது.

"உதறுடா, காதை உதறுடா" என்று ஞானி அலறினார்.

"எனக்கும் வலிக்கிறது சாமி. கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றது நாய், கண்ணைத் திறக்காமல்.