மொட்டை முள்

மூன்றாவது தூண்டில் ராடையும் அவள் வேண்டாம் என்று மேசைமேல் வைத்தாள்.

"வெறப்பா இருக்குதுங்க. ஜிலேபி மீனு வந்து கொத்துனா கைக்குத் தெரியாது."

கடைக்காரன் தனசேகர் சிரித்தான். உள்ளங்கை அகல மீனுக்கு இத்தனை பிகுவா என்கிற சிரிப்பு. ஆனாலும் சலிக்காமல் நான்காவதை உறையிலிருந்து உருவினான். வியாபாரம் தெரிந்தவன்.

ஐந்தடி நீளம். தக்கைக் கைப்பிடி. நுனி, விளக்குமாற்றுக் குச்சியைவிட மெல்லிசு.

கையில் வாங்கியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இதுதான் என்று. சொல்லவில்லை. சொல்லிவிட்டால் வந்த வேலை பாதியில் நின்றுபோகும்.

அவள் ராடு மட்டும் வாங்க வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் குளத்தில் தூண்டில் போட்டி நடந்தது. எடை கணக்கில்லை, எண்ணிக்கைதான். அவள் நாற்பத்தொரு ஜிலேபி பிடித்திருந்தாள். தனசேகர் முப்பத்தாறு.

அவளுடைய மீன் ஒன்றை எடுத்து, வாயைப் பிளந்து, கூட்டத்துக்கு முன்னால் தூக்கிக் காட்டினான் அவன். உதட்டில் கிழிசல் இல்லை. இது தூண்டிலில் விழுந்த மீனே இல்லை, சந்தையில் வாங்கிப் பையில் போட்டு வந்திருக்கிறாள் என்றான்.

தூண்டில் முள்ளின் நுனிக்கு உள்பக்கம் சின்னதாக ஒரு கொக்கி உண்டு. மீனைக் கழன்றுபோக விடாமல் பிடிப்பது அதுதான். கழற்றும்போது உதட்டைக் கிழிப்பதும் அதுதான். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் மொட்டை முள். மீன் பட்டென்று கழன்று வரும், அடுத்ததற்குப் போய்விடலாம். கிழிசல் இருக்காது.

அவள் போட்டது மொட்டை முள்.

அரத்தை வைத்துத் தேய்த்துக் கொடுத்தவனே தனசேகர்தான். இதே கடையில், இதே மேசையில், போட்டிக்கு இரண்டு நாள் முன்னால்.

அதை அன்றைக்கே எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"நானா? எப்பங்க்கா?" என்று அவன் கேட்டான். அந்த முழியைப் பார்த்தால் யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். போட்டியை நடத்திய தூண்டில் சங்கத்தின் தலைவர் வெள்ளிங்கிரி நம்பினார். பேனாவை எடுத்து அவள் பெயரை அடித்தார். கோப்பை தனசேகருக்குப் போனது.

அன்றிலிருந்து குளக்கரையில் அவளுக்குப் பெயர் சந்தை அக்கா.

முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. நாலு அடி தள்ளிப் போனதும் சொல்வார்கள், காதில் விழுகிற மாதிரி. இரண்டு வருடமாக அவளுக்கு வயிறு எரிகிறது. சோறு இறங்கினாலும் எரிகிறது, தூங்கி எழுந்தாலும் எரிகிறது. மன்னிக்கிற மனசெல்லாம் தனக்கு இல்லை என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலமாகப் பார்த்து அவள் வந்ததற்குக் காரணம் உண்டு. வியாழக்கிழமைதான் வெள்ளிங்கிரி தன் ரீலுக்குத் தூண்டில் நரம்பு மாற்ற வருவார்.

இதோ, ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

"இதையும் சோதிச்சுப் பாத்தர்லாமுங்க," என்றாள் அவள்.

சின்ன மீன் ராடு வாங்குகிறவர்கள் செய்து பார்ப்பதுதான். ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் நுனியைத் தன் தொண்டையில் ஒட்டி வைத்துக்கொண்டு பேச வேண்டும். ராடு நல்ல ராடாக இருந்தால் பேச்சு கைக்கு வந்து சேரும்.

தனசேகர் ஒரு நாளைக்குப் பத்து தடவை செய்கிறவன். யோசிக்காமல் நுனியை எடுத்துத் தொண்டையில் வைத்தான்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

அவள் உள்ளங்கையில் மூன்று தடவை அதிர்ந்தது. அசல் ராடு.

"நெம்பர் வேண்டாமுங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு வருசத்துக்கு முந்தி, இந்த மேசைல வெச்சு, என்ற முள்ளைத் தேச்சுக் குடுத்தது யாருன்னு சொல்லுங்க."

ஸ்டூலில் நரம்பு சுற்றுகிற சத்தம் நின்றது.

தனசேகர் நுனியைத் தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளினால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தானோ என்னவோ, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இருந்தது. பழைய முழியும் வந்தது. வாயைத் திறந்தான்.

பேச்சு வரவில்லை.

கைப்பிடிக்குள் ஏதோ ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

எச்சில் விழுங்குகிறான்.

அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இரண்டு வருடத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அனுபவித்ததில்லை. அவன் தொண்டை தன் கையில் துடிக்கிறது. இன்னும் கொஞ்சம் துடிக்கட்டும் என்று இருந்தது.

ஆனால் அது அவள் ஒருத்தி கைக்குத்தான் தெரிந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவன் சிரித்துக்கொண்டுதான் நின்றான். அன்றைக்கும் அப்படித்தான் நின்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயா, கொஞ்சம் இப்படி வாங்க. இதை நீங்க புடிச்சுப் பாருங்க."

வெள்ளிங்கிரி உடனே எழவில்லை. அவளைப் பார்த்தார். தனசேகரைப் பார்த்தார். பிறகு ரீலை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு வந்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பிடியை வாங்கினார்.

தனசேகரின் விரல்கள் ராடின் நுனியைத் தள்ளிவிடப் பார்த்தன.

"எடுக்காத," என்றார் அவர்.

அவள் தள்ளி நின்றுகொண்டாள். கேள்வியை மறுபடி கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தாள்.

அவரே கேட்டார்.