பொலிஸ் கடிதம்

"இனி நீங்க இங்க படிக்க வராதீங்கடி," என்றாள் டொறீன், தன் வாடகை அறை வாசலில் நின்றபடி. "தமிழ்ப் புள்ளைங்க ஒரு அறையில கூடினா பொலிஸ் வருமாம். வீட்டுக்கார ஆன்ட்டி பயப்படுறாங்க."

போர்க்காலத்து மாத்தளையில் அவளோடு தாதிப் பயிற்சி பெறும் நல்லம்மாவும் கொறற்றியும் திரும்பினார்கள். வகுப்பில் சிங்களத்தில் நடக்கும் பாடங்களைத் தினமும் அவர்களுக்குத் தமிழில் விளக்குபவள் டொறீன்தான். பரீட்சைக்கு ஒரு வாரமே இருந்தது.

டொறீன் தனியாகப் படித்தபோது ஒரே நாளில் இரண்டு பாடங்கள் முடிந்தன. ஆனாலும் புத்தகத்தை மூடும்போதெல்லாம், வாடிப்போய்த் திரும்பிய அந்த இரண்டு முகங்களும் அவள் கண்ணில் நின்றன.

நான்காம் நாள் இருவரும் மூச்சு வாங்க வந்தார்கள்.

"காலையில இருந்து பொலிஸ்ல நின்னு கடிதம் வாங்கிட்டோம்டி! நாம சேர்ந்து படிக்கலாம்னு சீல் குத்தியிருக்காங்க," என்றாள் நல்லம்மா. "நம்ம மூணு பேரு பேரையும், அப்பா பேரு, தேயிலைத் தோட்டத்துப் பேரு எல்லாத்தையும் பெரிய புத்தகத்துல எழுதிக்கிட்டாங்க. இனி ஆன்ட்டி பயப்பட வேணாம்."

டொறீனுக்குத் தெரியும், எங்காவது ஒரு குண்டு வெடித்தால், முதலில் அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டுவார்கள்.

சத்தம் கேட்டு வீட்டுக்கார சோமா ஆன்ட்டி சிரித்தபடி வெளியே வந்தார்.

"அட, வந்துட்டீங்களா! தனியாப் படிச்சாத்தான் மண்டையில ஏறும்னு நீங்களே வராம நின்னதா டொறீன் சொன்னிச்சே?"

நல்லம்மா கடிதத்தை மெல்ல மடித்தாள். கொறற்றிதான் சன்னமாகக் கேட்டாள்.

"அப்ப, நம்ம பேர அந்தப் புத்தகத்துல இருந்து அழிக்கச் சொல்லலாமா டொறீன்?"