சுவிஸ் நேரம்

"காலத்தையே சுவிஸ்காரன்தான் மாப்ள கண்டுபுடிச்சான். அதுக்கு முந்தி ஜனங்க சும்மா இருந்துக்கினு இருந்தாங்க."

கச்சிராயபாளையம் ராஜாங்கம் இப்படி அறிவித்தபோது காலைச் சாம்பார் அவர் மீசையிலேயே இருந்தது. அதைச் சொல்லும் துணிச்சல் கூடத்தில் யாருக்கும் இல்லை. அவர் மகள் தேவிப்ரியாவுக்கு அன்று நிச்சயதார்த்தம்.

மாப்பிள்ளை சிவசங்கருக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வாரம் அது. கள்ளக்குறிச்சியிலிருந்து முதல் பஸ் பிடித்து, அம்மா பெரியநாயகியோடும் உறவினர் நாலு பேரோடும் வந்தான். ஊர் முனையில் ரோட்டுக்குக் குறுக்கே புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் அங்கேயே நின்றுவிட்டது. சீர்த்தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு வண்டி வரவில்லை.

ஒன்பது மணிக்குத் தட்டு மாற்றுவது என்று ராஜாங்கமே குறித்திருந்தார். வெள்ளிக்கிழமை; பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சிவசங்கருக்கு விமானம். அதை விட்டால் அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்துத்தான்.

ராஜாங்கத்தின் சுவிஸ் கடிகாரம், பாண்டிச்சேரியை விட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் அவர் அப்பா வாங்கியது. முழுக்கைச் சட்டை அதை எப்போதும் மூடியே இருக்கும். யாரும் தொடக்கூடாது. எட்டிப் பார்க்கவும் கூடாது. சுவிஸ் இருக்கிற வீட்டில் சுவர்க்கடிகாரம் மாட்டுவது சுவிஸ்ஸுக்கு அவமானம் என்பதால் வேறு கடிகாரமும் கிடையாது. மணி கேட்டால் உடனே சொல்லிவிட மாட்டார். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, கேட்டவரைச் சற்றுக் காக்க வைத்து, பிறகு சட்டைக்கையை விலக்கிச் சொல்வார். சரியாக இருக்கும். கரும்பு வெட்டும் ஆட்கள்கூட அவரைக் கேட்டுத்தான் கஞ்சிக்குக் கரையேறுவார்கள்.

சிவசங்கர் சண்டைக்குப் போகவில்லை. மூன்று மாதச் சம்பளத்தில் வாங்கிய ஜப்பான் கடிகாரத்தை ஆசையாகக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினான், அவ்வளவுதான்.

"முள்ளோட ஓரத்தப் பாருங்க மாமா. ஒரே ஆளு உக்காந்து கையால மெருகு போட்டது. நொடி முள்ளு குதிக்காது. எண்ணெ வழியற மாதிரி வழுக்கிக்கினு போவும்."

"ரேடியோ செய்யறவன், டார்ச் லைட்டு செய்யறவன், அவன் செய்யறது ஒரு கடிகாரமா?"

சுவிஸ்காரன் தன் ஊரிலேயே கடிகாரப் போட்டி நடத்தியதையும், ஜப்பான்காரன் அங்கேயே போய் வரிசையாக இடம் பிடித்ததையும், அப்புறம் போட்டியையே நிறுத்திவிட்டதையும் சிவசங்கர் பணிவாக எடுத்துச் சொன்னான். தேடி வந்த விருந்தாளிக்கு சுவிஸ்காரன் விட்டுக்கொடுத்திருப்பான் என்று ராஜாங்கம் தீர்ப்புச் சொன்னார்.

"ஒம்பதரை ஆவுது மாமா. தட்ட மாத்திடலாங்களா?"

"என் கையில இன்னும் ஒம்பதே ஆவல. ஜப்பான்காரனுக்கு எல்லாத்துலயும் அவசரம். உங்களுது ஜாஸ்தி ஓடுது மாப்ள."

இரண்டாம் சுற்றுக் காப்பி வந்தது. ராஜாங்கம் வாசலுக்குப் போய்க் கண்ணை மூடி நின்றார். திரும்பி வந்து, ஆகவில்லை என்றார். ஜப்பான் கடிகாரத்தில் பத்து ஆனது. மறுபடி வாசலுக்குப் போனார். அப்போதும் ஆகவில்லை. மாப்பிள்ளை மணியையே வைத்துக்கொள்ளலாமே என்று மனைவி கொளஞ்சியம்மாள் காதோரம் கெஞ்சினாள். ஜப்பானுக்குத் தலை வணங்கித்தான் பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டுமென்றால் அப்படி ஒரு கல்யாணமே வேண்டாம் என்று அவர் ஊருக்கே கேட்கும்படி பதில் சொன்னார்.

பெரியநாயகியின் முகம் மாறியது.

"பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா நேராச் சொல்லிடுங்க அண்ணே. எலவனாசூர்கோட்டையில ஒரு வூட்டுல எங்களக் கேட்டுக்கினுதான் இருக்காங்க."

அறைக்குள் வந்த கொளஞ்சியம்மாளும் அங்கே காத்திருந்த தேவிப்ரியாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தேவிப்ரியா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே போனாள்.

பத்து இருபது. மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். எங்கோ தூரத்தில் ஓர் ஆரன் சத்தம் கேட்டது. மறியல் முடிந்ததோ என்று யாரோ கேட்டார்கள். ராஜாங்கம் அதையெல்லாம் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. தலையைச் சாய்த்தார், முகம் மலர்ந்தது, சட்டைக்கையை விலக்கினார்.

"மணி ஒம்பது. இன்னா எழுந்துட்டீங்க? தட்ட வையுங்க."

ராகு காலத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் தட்டு மாறியது.

"பாத்தீங்களா மாப்ள," என்றார் ராஜாங்கம், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி. "முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல. சுவிஸ்னா சுவிஸ்தான்."

பூ வைக்கப் பெண்ணை அழைத்தார்கள். தேவிப்ரியா மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள். புடவைக் கரை முழுக்கக் கரும்புக் கொல்லைச் சேறு. எங்கே போய் வந்தாள் என்று சிவசங்கர் குனிந்து மெல்லக் கேட்டான்.

"புளியமரத்தாண்ட. நீங்க வந்த பஸ்ஸு டிரைவர ஒரு தரம் ஆரன் அடிக்கச் சொன்னேன்."

"எதுக்கு?"

"ஒம்பது மணி பஸ்ஸு ஆரன் கேட்டாத்தான் அப்பாவுக்கு ஒம்பது ஆவும். அந்த வாட்ச்சு நான் நாலாவது படிக்கறப்பவே நின்னுபோச்சுங்க."