கார்டில் நாற்பத்து நாலு

"டை பெர்மனெண்டா வேணும் கண்ணு. ஆனா தலை எரியக் கூடாது" என்றாள் செல்லாத்தாள்.

பியூட்டி பார்லர் யோகப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எலப்புள்ளி ஊரில் கல்யாணப் பெண்கள்கூட இத்தனை கறாராகக் கேட்டதில்லை.

"ஏனுங்க்கா, இந்த வயசுல யாருக்குக் காட்டறதுக்குங்க?"

"கம்பெனிக்குத்தான். வேற யாரு இருக்கறா எனக்கு?"

விஷயம் இதுதான். அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி ஒன்றில் செல்லாத்தாளுக்குக் கூட்டிப் பெருக்குகிற வேலை. பதினாறு வருஷம் ஆகியும் டெம்பரவரிதான். இப்போது கான்ட்ராக்ட் கை மாறிவிட்டது. வருகிற திங்கட்கிழமை புதிதாக ஆளெடுக்கிறார்கள். நாற்பத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் வரவே வேண்டாம் என்று புது சூப்பர்வைசர் மோகனசுந்தரம் கேட்டில் நின்று சத்தமாக வாசித்துவிட்டுப் போனார்.

"உங்களுக்கு அம்பத்தி ரெண்டு இருக்குமேங்க்கா?"

"ஆதார் கார்டுல நாப்பத்தி நாலு. அன்னிக்கு எழுதுன புண்ணியவான் என்னத்தையோ எழுதிட்டான். கார்டு ஒத்துக்குது, இந்த நரைச்ச தலைதான் ஒத்துக்க மாட்டேங்குது."

யோகப்பிரியா மறுபடி சிரித்தாள். செல்லாத்தாள் சிரிக்கவில்லை.

"இந்த ஜோலி போச்சுன்னா மருமகன் ஊட்டுலதான் போய் ஒக்காரோணும் கண்ணு. ஒரு வாய் காப்பிக்கும் அவரு மூஞ்சியப் பாக்கோணும். பதினாறு வருஷமா நானுந்தான் பெர்மனெண்ட் ஆகலை, முடியாச்சும் ஆகட்டும்."

யோகப்பிரியா அவள் முடியை வகிர்ந்து பார்த்தாள். நெற்றி ஓரமெல்லாம் தோல் உரிந்து தழும்பாக இருந்தது.

"இதென்னங்க்கா?"

"போன மாசம் பத்து ரூவாப் பொடி ஒண்ணு வாங்கிப் பூசுனேன். மூணு நாளு கண்ணே தொறக்க முடியலை, அப்படி வீங்கிப் போச்சு."

அதற்குமேல் யோகப்பிரியா கேலி பேசவில்லை.

"அப்ப எடுத்த எடுப்புல பூச மாட்டேனுங்க. காதுக்குப் பின்னால ஒரு பொட்டு வெச்சு ரெண்டு நாள் பாக்கோணும்."

"இன்னிக்கே செவ்வாக்கெழமை! திங்கக்கெழமை ஆளெடுக்கறாங்க கண்ணு!"

"தலை முக்கியமுங்களா, திங்கக்கெழமை முக்கியமுங்களா?"

திங்கட்கிழமைதான் என்று சொல்ல வாயெடுத்த செல்லாத்தாள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் காதைக் காட்டினாள்.

முதல் டப்பா மறுநாளே காலை வாரிவிட்டது. காது சிவந்து அரித்தது.

"அமோனியா இல்லைன்னுதானே போட்டிருக்குதுன்னே?"

"அது மட்டும் இல்லாட்டிப் பத்தாதுங்க்கா. கருப்புக்குன்னு சேர்க்கற மருந்து ஒண்ணு இருக்குது, அதுதான் உங்களுக்கு ஆகறதில்லை. அது இல்லாதது கோயமுத்தூர்ல கெடைக்கும். கருகருன்னு வராது, காப்பிக்கொட்டை நெறந்தான் வரும். பரவால்லீங்களா?"

"வெள்ளையா இல்லாட்டிப் போதும்."

வியாழக்கிழமை புது டப்பாவில் ஒரு பொட்டு வைத்தார்கள். சனிக்கிழமை வரைக்கும் செல்லாத்தாள் பெருக்கிய நேரத்தைவிடக் காதைத் தடவிப் பார்த்த நேரம்தான் அதிகம். அரிக்கவில்லை, சிவக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை யோகப்பிரியா கடையை அரைக்கதவு சாத்திவிட்டுச் செல்லாத்தாளை உட்கார வைத்தாள். நெற்றி ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தடவினாள். தோலில் படாமல், ஒவ்வொரு கற்றையாகப் பிரித்துப் பூசினாள்.

"எரியுதுங்களாக்கா?"

"இல்ல கண்ணு."

"அப்பறம் ஏனுங்க கண்ணு கலங்குது?"

தன் தலையில் இன்னொருத்தர் கை பட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது என்பதைச் செல்லாத்தாளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கோபத்தை இழுத்துப் போட்டு அழுகையை மூடினாள்.

"எல்லாம் அந்த மோகனசுந்தரத்தால வந்தது. இளவட்டமாச்சே, விறைச்சுக்கிட்டு நடக்கறான். வயசாகறது அடுத்தவங்களுக்கு மட்டும் வர்ற சீக்குன்னு நெனச்சுட்டு இருக்கறான்!"

திங்கட்கிழமை கம்பெனி வாசலில் நீள வரிசை. செல்லாத்தாளின் முறை வந்தது. மோகனசுந்தரம் கார்டைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், திரும்பவும் கார்டைப் பார்த்தார்.

"நாப்பத்தி நாலா?"

"ஆமாங்க சார்."

"சித்தெ அந்தப் பக்கம் வாங்க."

போச்சு என்று நினைத்துக்கொண்டாள். ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் நடந்தாள். பதினாறு வருஷமாகத் தினமும் பெருக்கிய பாதைதான்.

மோகனசுந்தரம் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

"கழுத்தோரமா சாயம் ஒட்டியிருக்குது. பெரிய ஆபீசர் வர்றதுக்குள்ள தொடச்சுக்குங்க. பேரை லிஸ்டுல எழுதிட்டேன்."

செல்லாத்தாள் வாங்கிக்கொண்டாள். கைக்குட்டையால் கழுத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு கேட்டாள்.

"நாப்பத்தஞ்சுக்கு மேல வேண்டாம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க சார்?"

"வாசிக்கச் சொன்னாங்க, வாசிச்சேன்."

அவர் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றினார். கன்னங்கரேலென்ற முடிக்கடியில் மண்டை முழுக்கச் சிவந்து புண்ணாகியிருந்தது.

"உங்களுக்கு ஒத்துக்கிட்டது எந்த டைங்க்கா? போன வாரத்தோட எனக்கு அம்பத்தி நாலு முடிஞ்சுருச்சுங்க."