ஈயத் தட்டு

தட்டில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து வீராசாமி மீசையை முறுக்கிக்கொண்டான். அந்தத் தட்டுக்குக் கற்பூரம் காட்டாத குறைதான். அது இருக்கும்வரை கண்ணுக்குக் கெடுதல் இல்லை என்று பெண்டாட்டி பொன்னம்மாளிடம் சொல்லி வைத்திருந்தான்.

சண்டைக் காலம். ஆவடி டிப்போவில் கையில் இரும்புச் சில்லு ஏறிய கூலிகள் பூந்தமல்லி ரோட்டில் இருந்த டாக்டர் எட்மண்டிடம் வருவார்கள். இருட்டறையில் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே அவர் இடுக்கியால் சில்லை எடுப்பார். நோயாளியின் கையை அசையாமல் பிடிப்பது வீராசாமியின் வேலை.

எக்ஸ்ரே கதிர் கண்ணைக் கெடுக்காமலிருக்க டாக்டருக்குச் சீமையிலிருந்து வந்த கனத்த கண்ணாடி. பிடிக்கிறவனுக்கு ஒன்றும் கிடையாது. முன்பு பிடித்த துலுக்கானத்தின் கண் இரண்டும் அவித்த மீன் கண்ணாக வெளுத்ததும், நாளை முதல் வராதே என்று அனுப்பிவிட்டார்கள். சே, இவர்களெல்லாம் மனுஷ ஜன்மமா?

இரண்டு வருஷம் முன்பு, வேலைக்கு வந்த அன்றே வீராசாமி அடம்பிடித்தான்.

"எனுக்கும் கண்ணு கீது சார். மறைக்க எதுனா குடுத்தாத்தான் புடிப்பேன்."

டாக்டர் எரிச்சலோடு கம்பவுண்டர் ஜானகிராமனைக் கூப்பிட்டார். "துப்பாக்கிக் குண்டு செய்யறாங்களே, அந்த ஈயம். கதிர் அதைத் தாண்டாது. இவன் மூஞ்சிக்கு முன்னாடி தொங்கவிட ஒரு தட்டு பண்ணச் சொல்லுங்க."

"ஈயம்தானே சார், ஆச்சு" என்று ஜானகிராமன் பாதியிலேயே தலையாட்டிவிட்டுப் போனார். கூலிக்காரன் கண்ணுக்கு அவ்வளவு காது கொடுத்ததே பெரிசு. மறுவாரமே வெள்ளிபோல் பளபளக்கும் தட்டு வந்தது.

இப்போது கொஞ்ச நாளாக எந்த விளக்கைப் பார்த்தாலும் வீராசாமிக்குப் புகை மூட்டமாகத் தெரிகிறது.

"தட்டு தேஞ்சிருக்கும்டா" என்றார் ஜானகிராமன், வெற்றிலைச் சாற்றை அவன் காலடியிலேயே துப்பிவிட்டு. "தட்டுக்கு ஈயம் பூசின தங்கவேல்கிட்டயே குடுத்து இன்னொரு தபா பூசிண்டு வா."

பூந்தமல்லிக் கடைத்தெருவில் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த தங்கவேல், தட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணாத்தே, கண்ணு சமாச்சாரம். அந்தக் குண்டு ஈயத்த நல்லா தடிப்பா பூசிக் குடு" என்றான் வீராசாமி.

தங்கவேல் சிரித்துவிட்டான்.

"குண்டு ஈயமா? அது காரீயம். இது வெள்ளீயம், ரசச் சொம்புக்குப் பூசறது நைனா!"