இரண்டே நிமிட நடை

ஓசூர் ரயில் நிலையத்தருகே எட்டு மாடி ஆபீஸ் கட்ட அனுமதி கேட்டு, மாநகராட்சிக் கூட்டத்தில் கம்பெனி இன்ஜினியர் மோகன்குமார் நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"இத்தனை பேருக்கு இவ்ளோதான் பார்க்கிங்கா?" என்றார் கமிஷனர் ராஜலட்சுமி.

"எல்லாரும் ரயில்லதாங்க மேடம் வருவாங்க. பிளாட்பாரத்துலருந்து ரெண்டே நிமிஷ நடை."

"அட! அவ்ளோ கிட்டவா?" என்று மூலையிலிருந்த வெள்ளைச் சட்டைக்காரர் வியந்தார்.

மோகன்குமாருக்கு உற்சாகம் பொங்கியது. "நானே பத்து நாள் நடந்து பாத்தேங்க. போட்டோ, தேதி, நேரம் எல்லாம் ரிப்போர்ட்ல இருக்குது."

"பிரிட்ஜ் ஏறிச் சுத்தி வந்தா இருவது நிமிஷம் ஆகுமேங்க?" என்றார் மூலையிலிருந்தவர்.

"பிரிட்ஜ்ல எவன் சார் ஏறுவான்? பிளாட்பாரத்துலருந்து குதிச்சு தண்டவாளத்தைத் தாண்டினா, நேரா நம்ம கேட்டுதான்!"

வெள்ளைச் சட்டைக்காரர் ரிப்போர்ட்டை வாங்கி ஒவ்வொரு போட்டோவாக நிதானமாகப் புரட்டினார்.

"சார் யாருங்க மேடம்?" என்றான் மோகன்குமார் பெருமையாக.

"ரயில்வே போலீஸ் இன்ஸ்பெக்டர். தண்டவாளத்தை ஒட்டின இடமாச்சே, கருத்துக் கேக்கக் கூப்பிட்டிருந்தோம்."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். "பத்து நாள், பத்து கேஸு. சாட்சி தேட வேண்டிய வேலையே இல்ல தம்பி. போட்டோவுக்குக் கீழ நீங்களே கையெழுத்தும் போட்டுட்டீங்க."