ஏணி செய்த வண்டி

"யாரைக் கேட்டு என் இரும்பை அறுத்தே?"

பட்டறை வாசலில் நின்று இப்படிக் கத்தியவரைத் தெருவில் எல்லோரும் 'அரையடி' என்பார்கள். ஆள் உயரம் அப்படி. ஆனால் அந்த உயரத்துக்கும் குரலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உள்ளே குத்துக்காலிட்டு உட்கார்ந்து திட்டு வாங்கிக்கொண்டிருந்தவன் அவருடைய மச்சினன், பெண்டாட்டியின் தம்பி. அவனுக்கு 'ஏணி' என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை.

"துண்டு இரும்புதான் அத்தான். மூலையில துருப்பிடிச்சுக் கிடந்துச்சு," என்றான் ஏணி, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு.

"துருப்பிடிச்சா உனக்குச் சொந்தமா? என் முட்டிகூடத்தான் துருப்பிடிச்சுக் கிடக்கு. அதையும் அறுத்து எடுத்துக்கோயேன்!"

நாலு நாளாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏணி செய்துகொண்டிருந்தது ஒரு தள்ளுவண்டி. கீழ்த்தட்டில் வெல்டிங் மெஷின் உட்கார இடம், பின்னால் சிலிண்டர் நிற்க ஒரு கூடு, அது சாயாமல் கட்டச் சங்கிலி, கேபிளைச் சுற்றிப் போட இரண்டு கொக்கி. சக்கரம் நான்கும் ஏதோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஓடியவை. எதிர்க்கடைப் பஞ்சர்காரர் கொடுத்தது.

சக்கரத்தை இவனிடம் கொடுத்த கையோடு, சேதியை அரையடியின் காதில் போட்டவரும் அவர்தான். "உங்க மச்சினன் வண்டி கட்டறானே, தனிக்கடையா? மெஷினை உருட்டிக்கிட்டுப் போயிடப் போறான், பார்த்துக்குங்க." சொன்னதோடு நிறுத்தினாரா? ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பட்டறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கே அவர் கடையில் ஓர் ஆள் சைக்கிளோடு காத்திருந்தான்.

அரையடி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். கேட், கிரில் என்று வருகிறவர்களில் பாதிப் பேர் "தம்பி இருக்காரா?" என்றுதான் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். அந்தத் தம்பி அடுத்த தெருவில் கடை போட்டால் இங்கே ஈதான் ஓட்ட வேண்டும்.

"பன்னெண்டு வருஷமா அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், ரெண்டு பேரா மெஷினைத் தூக்கறோம். இப்ப மட்டும் என்னடா வண்டி கேக்குது?"

"உங்களுக்கு மூச்சு வாங்குது அத்தான்."

"என் மூச்சை நான் பார்த்துக்கறேன்! நீ எங்க உருட்டிட்டுப் போகப் போறே, அதைச் சொல்லு!"

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அக்கா இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். "ஏன்டா வாயில கொழுக்கட்டையா? சொல்லித் தொலையேன்!"

"வண்டி முடியட்டும்கா."

"ஓஹோ! அக்காவும் தம்பியும் கூட்டா?" அரையடியின் காது சிவந்துவிட்டது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், குறை கிடைக்காதா என்று. கிடைத்தது. "அளவெடுக்கிற லட்சணத்தைப் பாருங்கய்யா! கைப்பிடி இவன் தொடைகிட்ட நிக்குது. என்கிட்ட இத்தனை வருஷம் கத்துக்கிட்டது இதுதானா? இதைத் தள்ளினா நாலே நாள்ல முதுகு கூனிடும்டா உனக்கு!"

பஞ்சர்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். ஏணி கைப்பிடியில் இருந்த ஒரு பிசிறைத் தேய்த்து எடுத்தான்.

அதுதான் அரையடிக்குப் பொறுக்கவில்லை. "போறவன் போ! உன் ஓட்டை வண்டியையும் எடுத்துக்கிட்டுப் போ! மெஷின்மேல மட்டும் கை வெச்சே, நடக்கறதே வேற!"

ஏணி எழுந்து போய் மெஷின்மேல் கை வைத்தான்.

"அத்தான், ஒரு கை பிடிங்க."

திட்டிக்கொண்டேதான் குனிந்தார் அரையடி. பழக்கதோஷம். "நன்றி கெட்ட பய... ம்ம்... தூக்குடா!" அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவர். மெஷின் கீழ்த்தட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. அரையடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர மூன்று மூச்சு ஆயிற்று.

"இப்ப சொல்லு. எந்தத் தெருவுல கடை?"

"கடையெல்லாம் இல்ல அத்தான். பஸ் கட்டற கம்பெனில வேலை கிடைச்சிருக்கு, திங்கட்கிழமை சேரணும்," என்றான் ஏணி, சிலிண்டருக்குச் சங்கிலி மாட்டியபடி. "மெஷினை இனிமே இறக்காதீங்க, வண்டியிலேயே இருக்கட்டும். ஒத்தை ஆளா நீங்க எப்படித் தூக்குவீங்க?"